எட்டு மில்லி ஜார்ஜியானா

ஜார்ஜியானா என்ற பெயரின் விலை கிலோவுக்கு நாற்பது ரூபாய். அதற்குமேல் ஒரு பைசா கிடையாது என்று கான்பூர் மண்டிக்காரர் போனில் சொன்னதைத் தரகன் ரஃபி அப்படியே வந்து ஒப்பித்தபோது, இம்மானுவேல் அதை மூன்று தடவை மனசுக்குள் பெருக்கிப் பார்த்தான். மூன்று தடவையும் விடை இனித்தது. பெற்ற பிள்ளைக்கு இன்னும் வைக்காத பெயருக்கு இப்படி முன்கூட்டியே விலை படிந்த தகப்பன் போடி பஜாரில் அவனுக்கு முன்னால் யாரும் இருந்திருக்க முடியாது.

இம்மானுவேல் டிரேடர்ஸ் ஏலக்காய்க் கடை. மலையிலிருந்து இறங்குகிற காயை ஏலத்தில் எடுத்து, காம்பு உரசி, சல்லடையில் ஆட்டி, பருமன் வாரியாகப் பிரித்து வடக்கே அனுப்புவது தொழில். எட்டு மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் விழாமல் மேலே நிற்கிற காய்க்கு ‘எட்டு மில்லி’ என்று பெயர். அதற்கு ராஜ மரியாதை. விழுந்ததெல்லாம் அடுத்த சல்லடைக்குப் போகும். மனிதர்களையும் ஊரார் கிட்டத்தட்ட இப்படித்தான் சலிக்கிறார்கள், கண் அளவைத்தான் வெளியே சொல்வதில்லை.

கடைக்கு இம்மானுவேலின் பெயர் வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். அவன் பிறந்தபோது அப்பா சுந்தர்ராஜ், தன் பெயர் எழுதிய பலகையை ஏணி போட்டுக் கழற்றிவிட்டு மகன் பெயரை மாட்டினார். அந்த வீட்டில் பிள்ளைக்குச் செய்கிற முதல் மரியாதை அதுதான். தொட்டிலையும் கொலுசையும்விடப் பெரியது பலகை. இம்மானுவேல் எழுத்துக் கூட்டப் படித்ததே அந்தப் பலகையைப் பார்த்துத்தான். ஐந்து வயதுவரை ஊரில் உள்ள பலகைகள் எல்லாமே யாரோ ஒரு குழந்தையைக் கொஞ்சுவதற்காக மாட்டியவை என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

இப்போது அவனுக்கே மகள். ஒன்பது மாதம். பிறப்புச் சான்றிதழில் தேதி இருந்தது, நேரம் இருந்தது, தாய் தகப்பன் பெயர் இருந்தது. குழந்தையின் பெயர் என்ற இடம் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. ஒரு வருஷத்துக்குள் வந்து சேர்த்தால் கட்டணம் இல்லை என்று நகராட்சியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

“ஏலே, காசு கேக்காத காரியத்தத் தள்ளிப் போடாத. என்னைக்காச்சும் மனசு மாறிக் காசு கேப்பான்” என்று சுந்தர்ராஜ் மாதத்துக்கு ஒருமுறை ஞாபகப்படுத்தினார்.

தாமதத்துக்குக் காரணம் மருமகள் ஜெபஷீலா. கெங்குவார்பட்டிக்காரி. கொடைக்கானல் மலைப்பாதை தொடங்குகிற ஊர் என்பதாலோ என்னவோ, எதையும் ஒரு வளைவு வளைத்துத்தான் பேசுவாள். ஆனால் பெயர் விஷயத்தில் நேராகச் சொல்லிவிட்டாள்.

“இவ பேரச் சொன்னா எதிர்ல இருக்கவுக எந்திரிச்சு நாற்காலி இழுத்துப் போடணும். ஸ்பெல்லிங் கேக்கக் கூடாது. அம்புட்டுத்தான்.”

“பணக்கார வீட்டுப் பேரா வேணுங்கற.”

“பணக்கார வீட்டுப் பேரு இல்லங்க. பணத்தப் பத்திப் பேசவே பேசாத வீட்டுப் பேரு.”

பணத்தைப் பற்றிப் பேசாத வீடு எப்படி இருக்கும் என்று இம்மானுவேலுக்குத் தெரியாது. இருந்தாலும் தேடினார்கள். அவள் க்ளாடிஸ் என்றாள். க்ளாடிஸ் அவனுக்கு மூன்றாம் வகுப்பு டீச்சர், காதைத் திருகினால் வாரக் கடைசிவரை வலிக்கும். வினிஃப்ரெட் என்றாள். வினிஃப்ரெட் தேனியில் ரிட்டயர்டு தலைமையாசிரியை. பியாட்ரிஸ் அவனுடைய பெரியம்மா, அவரும் டீச்சர்.

“நம்ம ஆளுக நூறு வருஷத்துக்கு முன்னாடியே துரைசாணி பேரெல்லாம் வாரிட்டு வந்து டீச்சருகளுக்கு வச்சுட்டாக ஷீலா. மிச்சம் எதுவும் இல்ல.”

“ஆக்டேவியா?”

“அது காரு. நம்ம பேங்க் மேனேஜரு வச்சிருந்தாரு. மைலேஜ் இல்லன்னு வித்துட்டாரு.”

அவள் பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். ரொம்ப நாளாக வாயில் அடக்கி வைத்திருந்ததை வெளியே விடுகிறவளைப் போல மெதுவாகச் சொன்னாள்: “ஜார்ஜியானா.”

டீச்சர் யாரும் நினைவுக்கு வரவில்லை. காரும் வரவில்லை. இம்மானுவேல் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். வாய்க்குள் நல்ல சோபாவில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

“எங்கன புடிச்ச இந்தப் பேர?”

“தெரிஞ்ச பேருதான்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கடையில் காய் பொறுக்குகிற பெண்களுக்கு மேஸ்திரி பொட்டிப்புரம் அன்னத்தாய். சல்லடைச் சத்தத்துக்கு நடுவே அவளிடம்தான் முதலில் சொன்னான். அன்னத்தாய் கையை நிறுத்தவில்லை. “நல்லாத்தான் இருக்கு மொதலாளி. கூப்புடறதுக்கு முன்னாடி ஒரு தடவ மூச்சு வாங்கிக்கிடணும்.” சுந்தர்ராஜ் கண்ணை மூடிக் கேட்டார். “இந்தப் பேரச் சொன்னா மதுர வரைக்கும் கடனுக்குச் சரக்குத் தருவான்லே. வச்சுரு.”

அடுத்த மாதம் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்று போதகரிடம் சொல்லி நாள் குறித்தாயிற்று. இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். இடையில் ரஃபி வந்தான்.

ரஃபிக்கு உத்தமபாளையம். வடக்கே சரக்குத் தள்ளிவிடுகிற கமிஷன் ஏஜெண்ட். டீ வருகிற நேரம் பார்த்து வருகிறவன். வந்து உட்கார்ந்ததும், “அண்ணே, கான்பூர்க்காரன் கல்யாண சீசனுக்கு ஒரு கிலோ டப்பாவா கேக்கான். நம்ம எட்டு மில்லி அவனுக்குப் புடிச்சுப் போச்சு. பேருதான் புடிக்கல” என்றான்.

“அப்பா பேரு போட்ட எஸ்.ஆர். மார்க்குக்கு என்ன பாய் கொறச்சல்?”

“பஸ் கம்பெனி மாதிரி இருக்குங்கறான். சீமைப் பேரா ஒண்ணு போட்டுக் குடுங்க, கூட்டித் தாறேங்கறான்.”

இம்மானுவேலின் சட்டைப் பையில் ஒரு சீமைப் பெயர் சும்மா இருந்தது. சாம்பிள் பார்க்காமல் அவன் எதையும் வாங்கியதில்லை. காயை உடைத்து முகர்வான், சாக்கைத் தட்டிப் பார்ப்பான், கல்யாணத்துக்கு முன்னால் கெங்குவார்பட்டிக்கு இரண்டு தடவை டீ குடிக்கப் போனான். ஆயுசுக்கும் மகள் சுமக்கப் போகிற பெயர் வெளியூரில் ஓடுகிறதா என்று பார்த்தால் என்ன? அதோடு, மகள் பெயரைப் பச்சை அட்டையில் தங்க எழுத்தில் பார்க்கவும் அவனுக்கு ஆசை. அப்பா ஏணி போட்ட அதே ஆசை. எது எவ்வளவு என்று அவன் நிறுத்துப் பார்க்கவில்லை.

தேனியில் ஆயிரம் லேபிள் அடித்தான். அறுநூறு டப்பா போயிற்று. கிலோவுக்கு நாற்பது ரூபாய் கூட வந்தது. அடுத்து கான்பூர்க்காரன் இரண்டாயிரம் கிலோ கேட்டிருக்கிறான், அதே பெயரில்.

அன்று மத்தியானம் ஒரு டப்பாவை, அல்வாப் பொட்டலம் கொண்டுபோகிற கணக்கில், வீட்டுக்குக் கொண்டுபோனான். பாப்பா பாயில் உட்கார்ந்து வாழைப்பழத்தைத் தலையில் பூசிக்கொண்டிருந்தது. டப்பாவைப் பார்த்ததும் பிடித்து இழுத்து மூலையைக் கடித்தது.

“பாரு, மொதலாளியம்மா தரம் பாக்குறாக” என்றான் இம்மானுவேல்.

ஜெபஷீலா டப்பாவைத் திருப்பினாள். படித்தாள். பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக அதிலிருந்து எடுத்துவிட்டாள்.

“எத்தன போச்சு?”

“அறுநூறு. நாப்பது ரூவா கூட! ரெண்டாயிரத்துக்கு ஆர்டர்…”

“எதுக்கு இந்தப் பேரு?”

“ஓடுதான்னு பாத்தேன் ஷீலா. சாம்பிள்தான்.”

வாயை விட்டு வெளியே போன உடனேயே, அந்தச் சொல்லை நாற்பதாயிரம் கொடுத்தாவது திரும்ப வாங்கிவிடலாம் என்று தோன்றியது. ஜெபஷீலா எழுந்து பீரோவைத் திறந்தாள். அடித்தட்டிலிருந்து அரக்குக் கலரில் ஒரு ஸ்வெட்டர் எடுத்தாள். பத்து வயதுப் பிள்ளை அளவு. முழங்கையில் ஒட்டுப்போட்டது. கழுத்தின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை. சிவப்பு நூலில் நெய்த இங்கிலீஷ் எழுத்து: ஜார்ஜியானா. பக்கத்தில் ஏதோ ஓர் இனிஷியல்.

“எங்கம்மா கொடைக்கானல்ல ஒரு ஸ்கூல்ல தையல் ரூம்ல வேல பாத்தாக. தெரியுமில்ல?”

“தெரியும்.”

“அங்கன ஒவ்வொரு உருப்படிக்கும் பேரு தைக்கணும். சட்ட, துண்டு, சாக்ஸு வரைக்கும். வெள்ளாவிக்குப் போனா மாறிடக் கூடாதுன்னு. நான் இங்கிலீஷ் படிச்சதே எங்கம்மா தைக்கற பேருகள வாசிச்சுத்தான். அந்தப் புள்ளைக பேரெல்லாம் எனக்கு மனப்பாடம். என்னையும் பீஸ் இல்லாம சேத்துக்கிட்டாக. இது ஊருக்குத் திரும்பிப் போன ஒரு புள்ள விட்டுட்டுப் போன ஸ்வெட்டரு. அம்மா பட்டையப் பிரிக்கறேன்னாக. நான்தான் வேணாம்னேன்.”

“ஏன்?”

“என் பேர வாசிக்கறதுக்கு முன்னாடி மிஸ்ஸு ஒரு பெருமூச்சு விடுவாக. தினமும். அப்ப கழுத்துக்குப் பின்னாடி இது உரசும். நல்லா இருக்கும்.” பட்டையைத் தடவினாள். “மூணு வருஷம் அடுத்தவ பேரத்தான் போட்டுத் திரிஞ்சேன். இவளுக்காச்சும் அது புதுசா வரணும்னு நெனச்சேன். யாரும் போட்டுக் கழிக்காம. நீங்க அறுநூறு டப்பாவுக்குப் போட்டுட்டு, மிச்சத்தக் கொண்டாந்து எம் புள்ளைக்குக் குடுக்கீக.”

இம்மானுவேலுக்கு ஒரே ஒரு வாதம்தான் மிச்சம் இருந்தது. “நம்ம வீட்டுல பேரு போடறது மருவாதிதான ஷீலா. எம்பேரு பலகையில இல்லையா?”

“உங்களுக்குப் பேரு வச்ச பொறவு மாமா ஏணி போட்டாகளா, முன்னாடி போட்டாகளா?”

போடியில் இருபது வருஷம் விலை பேசியவன் டப்பாவை எடுத்து, லேபிள் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தான்.

“போதகர்ட்ட சொல்லிருங்க, இப்ப வேணாம்னு. அவ பாப்பாவாவே இருக்கட்டும்” என்றாள்.

மறுநாள் காலையில் கடைக்கு வந்த ரஃபியிடம், “ஜார்ஜியானா கிடையாது பாய். நிப்பாட்டியாச்சு” என்றான்.

ரஃபி டீ கிளாஸைக் கீழே வைத்தான். “அண்ணே, ரெண்டாயிரம் கிலோ! நாப்பது வீதம் எம்புட்டுன்னு தெரியுமா?”

“எண்பதாயிரம். எனக்கும் பெருக்கத் தெரியும்.”

“பேரு என்ன கெட்டா போச்சு?”

“அது என் சரக்கு இல்ல பாய். அடுத்தவுக சரக்க மாத்தி ஏத்திட்டேன்.”

இதற்குமேல் பஜாரில் விளக்கம் கேட்க மாட்டார்கள். ரஃபி தலையை ஆட்டினான். உள்ளேயிருந்து சுந்தர்ராஜின் குரல் மட்டும் வந்தது. “மருமக கேட்டது சரிதாம்லே. ஞானஸ்நானம் முடிச்சு, பிரியாணி போட்டு, பொறவுதான் நான் ஏணியத் தேடுனேன்.”

இம்மானுவேல் மிச்ச லேபிள்களை நூலால் கட்டி, சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்குக் கொண்டுபோய் ஜெபஷீலா முன்னால் வைத்தான்.

“முந்நூத்தித் தொண்ணூத்தொம்பது. ஒண்ணு வீட்டுல இருக்க டப்பாவுல. எண்ணிக்க.”

அவள் உண்மையிலேயே எண்ணினாள். வியாபாரி வீட்டுக்கு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. எண்ணி முடித்ததும், “அந்த ரெண்டாயிரம் கிலோ?” என்றாள்.

“விட்டாச்சு.”

“எண்பதாயிரத்தையுமா?”

“ம்.”

“நான் விடச் சொல்லலையே.”

“சொல்லல.”

ஜெபஷீலா பாப்பாவைப் பார்த்தாள். பாப்பா ஒரு லேபிளை எடுத்து, வாங்கலாமா வேண்டாமா என்பது போலப் பார்த்துவிட்டுக் கீழே போட்டது. ஜெபஷீலாவுக்கு முகத்தில் முதலில் கன்னம்தான் சிரிக்கும், வாய் பிறகு வரும். கன்னம் அசைந்தது.

“அப்ப எண்பதாயிரம் குடுத்து இவளுக்கு இந்தப் பேர வாங்கியாந்திருக்கீக. ஓசியில வந்தது இல்ல.”

“இல்ல.”

“புதுசுதான் அப்ப.”

“பில்லு போட்டுத் தரவா?”

“வாய மூடுங்க” என்றாள். ஆனால் லேபிள் கட்டை எடுத்துப் பீரோவில் வைத்தாள். “போதகர்ட்ட சொல்லிட்டீகளா?”

“இல்ல. சாயந்தரம் போகலாம்னு…”

“போக வேணாம்.”

அந்த நிம்மதியில் சோறு இரண்டு கைப்பிடி கூடுதலாக இறங்கியது. கை கழுவியதும் வியாபாரி விழித்துக்கொண்டான். கான்பூர்க்காரன் இன்னும் பெயர் கேட்டுக்கொண்டிருக்கிறான். டீச்சருகள் பெயரைப் போட்டால் போடியில் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள்.

“ஷீலா, உன் பேரக் குடேன்.”

“எதுக்கு?”

“டப்பாவுக்கு.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். “ஜெபஷீலாவா? எங்க மிஸ்ஸுக்கே வாசிக்க வரல. கான்பூர்ல யாரு வாங்குவா?”

“ஓடலன்னா விட்டுரலாம். இந்தத் தடவ கேட்டுட்டுத்தான் செய்றேன்.”

பாப்பாவைத் துடைத்த பூத்துண்டைக் கொடியிலிருந்து எடுத்து அவன் வலது கைமேல் போட்டாள். சந்தையில் பழைய ஆட்கள் இன்னும் அப்படித்தான் விலை பேசுவார்கள். கையைத் துண்டால் மூடிக்கொண்டு, விரலைப் பிடித்து விலை சொல்வார்கள், பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாமல். இங்கே பக்கத்தில் இருந்தது பாப்பா மட்டும்தான். துண்டுக்குள் ஜெபஷீலாவின் கை வந்தது. நாலு விரலைச் சேர்த்துப் பிடித்தது. கிலோவுக்கு நாற்பது. கூட வருகிறது முழுவதும் அவளுக்கு.

இம்மானுவேல் இரண்டு விரலைப் பிடித்துப் பார்த்தான். அவள் பிடி இறுகியது.

“என் பேரும் சும்மா வராதுங்க” என்றாள்.

“சரி. நாப்பது.”

கான்பூர் என்ன தரும் என்று கேட்காமலே விலையை முடித்தது தொழிலில் அவன் செய்த இரண்டாவது தப்பு. முதல் தப்பு எது என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் நடந்தது. போதகர் பெயரைச் சொல்வதற்கு முன்னால் ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டார். பின்வரிசையில் அன்னத்தாய் இம்மானுவேலைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வெள்ளைக் கவுனின் கழுத்துக்குள் புதுப் பட்டை ஒன்று இருந்தது. ஜெபஷீலா சிவப்பு நூலில் தானே தைத்தது. ஸ்வெட்டரிலிருந்த பழைய பட்டையை முந்தின வாரமே பிரித்து ஊசி டப்பாவில் போட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை நகராட்சியில் எழுத்தர் நாற்காலியை இழுத்துப் போட்டார். பெயருக்காக அல்ல, இடுப்பில் பிள்ளை இருந்ததற்காக. பெயரைக் கேட்டதும், “ஸ்பெல்லிங் சொல்லுங்கம்மா” என்றார். இம்மானுவேல் பயந்து மனைவியைப் பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டே, மனப்பாடப் பாட்டுச் சொல்வதுபோல ஒரே மூச்சில் சொன்னாள்.

ரஃபி கடையில் காத்திருந்தான். ஜெபஷீலா என்று பெயர் போட்ட லேபிள் ஒட்டிய டப்பாவின் படம் கான்பூருக்குப் போய்ப் பதிலும் வந்திருந்தது.

“இது எந்த ஊரு துரைசாணின்னு கேக்கான் அண்ணே. நான் கொடைக்கானல்ல படிச்சவுகன்னு சொல்லிட்டேன்.”

“பொய் இல்ல. எடுத்துக்கிட்டானா?”

“ரெண்டாயிரத்தையும். முப்பத்தெட்டு கூட்டித் தாறான்.”

“ரெண்டு ரூவா எங்க போச்சு?”

“வாசிக்கறதுக்குக் கழிச்சுக்கிட்டான்.”

சல்லடைப் பக்கமிருந்து அன்னத்தாய், “பேருக்கு ஒண்ணும் கழிக்கச் சொல்லாதீக. உள்ள இருக்கறது எங்கையில பொறுக்குன எட்டு மில்லி” என்றாள்.

பணம் வந்த அன்று இம்மானுவேல் இரண்டு பெயருக்கும் கூட வந்ததை மொத்தமாகக் கொண்டுபோய்க் கொடுத்தான். ஜெபஷீலா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எண்ணினாள். இரண்டு ரூபாய்க் கதையையும் கேட்டாள். சிரித்தாள். “இனிமே அவ பேர டப்பாவுக்குப் போடணும்னா அவகிட்டயே கேளுங்க” என்றாள்.

“அவளுக்குப் பேச்சு வரலையே.”

“வாரவரைக்கும் பொறுங்க.”

மறுநாள் பீரோவிலிருந்து பச்சை லேபிள் ஒன்றை உருவி, பின்பக்கம் எழுதி, அவன் சாப்பிடுகிற இடத்தில் போட்டு, தண்ணீர்ச் செம்பை மேலே வைத்துவிட்டுப் போனாள்:

ஜார்ஜியானா பேரில், 600 கிலோ, 40 வீதம் – ரூ. 24,000. போஸ்டாபீஸ் செல்வமகள் கணக்கில் கட்டியாச்சு.
ஜெபஷீலா பேரில், 2,000 கிலோ, துண்டுக்குள் பேசியது 40 வீதம் – ரூ. 80,000.
வந்தது 38 வீதம் – ரூ. 76,000.
இம்மானுவேல் தர வேண்டிய பாக்கி – ரூ. 4,000.